முருகன் படத்து ஆணி

தில்லையம்பலம் அண்ணையும் நானும் பாரிசில், லா ஷப்பல் பகுதியில் ஒரே மாடியில் பக்கத்து அறைகளில் இருந்தோம். ஒரே பிரெஞ்சு உணவகத்தில் தட்டுக் கழுவினோம். எண்பத்தாறாம் ஆண்டு அங்கே அடுப்படி உதவியாள் வேலையை விட்டுப் போனார். தலைமைச் சமையல்காரர் பிலிப் அண்ணையைக் கூப்பிட்டு, "உன் ஊர்ச் சாப்பாடு ஒன்று நீயே சமைத்துக் கொண்டு வா. பிடித்தால் அந்த வேலை உனக்குத்தான்" என்றார்.

அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் தேத்தண்ணிகூடப் போட்டறியாத மனிதர்!

அண்ணையின் மனைவி இந்திராதேவி பாரிசுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாங்கி வந்த இறைச்சியைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"இது செம்மறியெல்லோ? எங்கடை கிடாய் அவியிற நேரம் இதுக்கும் விடலாமோ?"

"ஆருக்குத் தெரியும்? நீர் சொல்லும், நான் கிண்டுறன்."

கொழுப்பு மேலே மிதந்தது. அதை அள்ளுவதா விடுவதா என்று அண்ணை என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஆனால் வறுத்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்தபோது எனக்கு வாய் ஊறியது உண்மை.

புறப்படும்போது உச்சிநேரம். இறைச்சிக் கறியை வெளியே கொண்டுபோனால், அந்த மணத்துக்குப் பேய் பின்னால் வராமலிருக்கக் கரித்துண்டோ இரும்போ போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். காஸ் அடுப்பில் கரிக்கு எங்கே போவது? இந்திராதேவி முருகன் படத்தைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு, அது தொங்கிய ஆணியைப் பிடுங்கிக் கழுவிச் சட்டியில் கறிக்கு மேல் வைத்தார்.

"நிலத்துக்குக் கீழாலை எல்லோ போறியள். போனவுடனை எடுத்துப்போடுங்கோ."

"ஓம், ஓம்."

மெத்ரோ ரயில் குலுக்கிய குலுக்கலில் ஆணி எங்கே போனதோ! உணவகத்தில் மூடியைத் திறந்தால் மேலே இல்லை. அண்ணை கரண்டியால் துழாவினார்.

"தம்பி, காணேல்லையடா!"

அதற்குள் பிலிப் வந்து கரண்டியை வாங்கிவிட்டார். பொறுங்கள் என்று சொல்ல இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியும். ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் வாய்க்குப் புருவம் உயர்ந்தது. இரண்டாம் வாய்க்குச் சிரித்தார். அடுத்த வாய் 'கடக்' என்றது.

ஆணியை வாயிலிருந்து எடுத்து அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன?"

தட்டுக்கும் மெத்ரோவுக்கும் விசாவுக்கும் எங்களிடம் பிரெஞ்சு இருந்தது; பேய்க்கு இருக்கவில்லை. அண்ணை தன் முதுகுப் பக்கம் காட்டினார். யாரோ பின்தொடர்வதுபோல நடந்தும் காட்டினார். பிலிப் குழம்பிப்போய்த் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"சாப்பாட்டில் இரும்பு போடுகிறவனை அடுப்படியில் விடமாட்டேன்" என்று ஆணியைத் தட்டில் எறிந்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பிலிப் மேலா, அண்ணை மேலா, அந்தப் பேய் மேலா?

அண்ணை அந்தத் தட்டையும் கறிச்சட்டியையும் தானே கழுவினார். ஆணியைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் மனைவியை ஏசிக்கொண்டே வந்தார். அறைக்குப் போன கையோடு அவரை ஏசிக் கிழிக்கப்போவதாகச் சொன்னார்.

கதவைத் திறந்ததும் இந்திராதேவி ஓடி வந்தார்.

"பின்னாலை ஒண்டும் வரேல்லைத்தானே?"

அண்ணை சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்தார்.

"ஒண்டும் வரேல்லையப்பா."

வெறும் சட்டியின் அடியால் ஆணியைச் சுவரில் அறைந்து முருகனைப் பழையபடி மாட்டினார். வேலை என்னவாயிற்று என்று அவர் மனைவி அதற்குப் பிறகுதான் கேட்டார்.