புதுப்பேட்டையில் ஒரு கதவு தேடி

போன மாதம் ஒரு தண்ணீர் லாரி எங்கள் காரின் இடது முன்கதவை மடக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அப்பா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இருக்கை உயரம், கதவும் அகலமாகத் திறக்கும் என்பதால், மடங்காத முழங்காலோடு அவர் தானாக ஏறக்கூடிய ஒரே வண்டி அது. மாலையானால் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்வருவோம். அது நின்றுபோனது.

அப்பா முப்பது வருடம் பொறியாளராக இருந்த தொழிற்சாலையில் செய்த கார். தொழிற்சாலையை மூடி வெகுகாலமாகிவிட்டது. இனி கதவு கிடைத்தால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில்தான் என்றார்கள். ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய். தெரு முழுக்கப் பழைய கதவுகள், அப்பளக் கட்டு போல.

சலீம் என்ற கடைக்காரரிடம் மாடலும் வருடமும் சொன்னேன். வண்டி எங்கே என்றார். வீட்டில் என்றேன்.

"இன்னாக்கா, விரல வூட்ல வச்சுட்டு மோதிரம் வாங்க வந்துகிற?"

ஒரே மாடல், ஒரே வருடக் கதவுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். ஓரங்கள் விரலளவு விலகி நின்றன.

வீட்டில் சொன்னதும் அப்பா பல நாளுக்குப் பிறகு சிரித்தார். கதவுத் தகட்டை அழுத்தும் அச்சு தேய்ந்துபோயிருந்ததாம். வண்டி பொருத்தும் வரிசையின் கடைசியில் சிலர் மரச்சுத்தியோடு நின்று, அந்தந்தக் கதவை அந்தந்த வண்டிக்கு ஏற்பத் தட்டிப் பொருத்துவார்களாம். வெளிநாட்டுக் கார் வர வழியில்லாத காலம். மக்கள் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். புது அச்சு கேட்டால், "வண்டி விக்காமயா கிடக்கு?" என்று மேலதிகாரிகள் கேட்டார்களாம்.

மறுநாள் மதியம் கதவைக் கயிற்றால் கட்டி வண்டியையே ஓட்டிப் போனேன். தானும் வருவேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். வாட்ச்மேனும் நானுமாகப் பிடித்து, பின் இருக்கையில் காலை நீட்டி உட்காரவைத்தோம்.

பக்கத்துக் கடைக்காரர் எங்களை மறித்து, அரை மணியில் மாட்டித் தருவதாக அழைத்தார். இருபது நிமிடம் போதும் என்றார் சலீம். நான்காவது கதவு ஓரளவு உட்கார்ந்தது. அவருடைய ஆள் கீல் பக்கம் கொஞ்சம், அடியில் கொஞ்சம் தட்டினார். சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க லைன்ல இதுக்கு அரை நாள் ஆகும்."

"ஏன் நைனா, ஆள் பத்தாதா?" என்றார் சலீம்.

"ஆள் நிறைய இருந்தாங்க. பக்கத்துக் கடைதான் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த முப்பது வருடங்களைப் பற்றி இன்னும் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் முன்னால் உட்காரவேண்டும் என்று கையை நீட்டிவிட்டார்.

இறக்கிவிட்டோம். கதவைத் தானே திறந்தார், தானே ஏறினார். அடையாறு சிக்னலில் மாட்டியும், வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரைக்குப் போய்விட்டோம்.

புதுப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு: வண்டியையே கொண்டுபோங்கள். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். கதவுக்கும் கூலிக்கும் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு ஆனது. வெள்ளைக் காரில் பச்சைக் கதவு; கூட்டத்தில் வண்டியைத் தேட வேண்டாம், பெயின்ட் அடிக்காதே என்கிறார் அப்பா. மூன்றாம் முறை அறைந்தால்தான் கதவு மூடிக்கொள்கிறது. அவருக்கு அதில் குறையே இல்லை. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளியே போன வண்டிகளும் அப்படித்தானாம்.