சூப்போ சுடுதண்ணியோ

டாவோஸில் நான் கோப்பை கழுவிய ஹோட்டல் சமையலறையில் அடி விழாத நாள் குறைவு. ஷெஃப் ஒரு சுவிஸ்காரர். கையில் எது அகப்படுகிறதோ அதை எறிவார்: சட்டி, கரண்டி, ஒருமுறை உறைந்த கோழி. ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். நானும் என்னோடு கோப்பை கழுவும் மன்னார் அண்ணையும் அவருக்குத் 'தமிழன்'. மற்ற இரண்டு பேரும் 'சீனன்'. அந்த இருவரில் ஒருவர் ஹொங்கொங்கிலிருந்து வந்த சமையற்காரர், நாற்பது வயதிருக்கும். மற்றவர் ஜப்பானியர், இளம் ஆள், ஐரோப்பியச் சமையல் பழக வந்தவர். ஜப்பானியரைச் சீனன் என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்கே பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் பேசப் பொதுமொழி இல்லை. ஜெர்மன் எங்களைவிட மோசம். ஆனால் எழுதினால் விளங்கிவிடும். மேசையில் மாவைத் தூவி விரலால் எழுதுவார்கள். மீன், மலை, பனி. ஒரே எழுத்தை ஒருவர் ஒரு மாதிரி வாசிப்பார், மற்றவர் வேறு மாதிரி வாசிப்பார், தலை மட்டும் இரண்டும் சேர்ந்து ஆடும். எனக்கு வயிறு எரியும். ஒரே தீவில் பிறந்தும் சிங்கள எழுத்தில் ஒரு வரி எனக்கு வாசிக்கத் தெரியாது.

ஒரு மாசி மாதம், பெரிய கல்யாண விருந்து. ஷெஃப் காலையிலேயே ஹொங்கொங்காரரின் சட்டையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்: இன்றைக்குச் சூப்பில் ஏதாவது பிழை வந்தால் நாளைக்கு ரயில் ஏறலாம். வேலை போனால் விசா போகும். அடுத்த மாதம் அவருடைய மனைவியும் மகளும் வருவதாக இருந்தது. மனுசன் முந்தின நாளே கோழியும் இஞ்சியும் போட்டு அவித்து வடித்திருந்தார், தண்ணீர் போலத் தெளிந்த சூப்.

அன்றைக்கென்று பார்த்து பொய்லர் பழுதாகிவிட்டது. குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. எல்லா அடுப்பிலும் சட்டி சட்டியாகத் தண்ணீர் கொதித்தது. தன்னுடைய சட்டியை யாரும் தொடக்கூடாது என்று ஹொங்கொங்காரர் ஒரு காகிதத்தில் ஒரேயொரு எழுத்தை எழுதி மூடியில் ஒட்டினார். இடப்பக்கம் மூன்று துளி, வலப்பக்கம் கம்பி வளைத்த மாதிரி ஏதோ. எங்களுக்கு விளங்காது, ஆனால் ஜப்பானியருக்கு விளங்கும் என்று அவர் நம்பினார்.

மத்தியானக் கோப்பைகள் மலையாகக் குவிந்தபோது நான் சுடுதண்ணீர் கேட்டுக் கத்தினேன். ஜப்பானியர் அந்த எழுத்தைப் பார்த்தார், சட்டியின் ஒரு காதைப் பிடித்தார், மறு காதை நான் பிடித்தேன். சமையலறை முழுக்க ஆவி. அவருக்கோ தடிமன், மூக்கு அடைப்பு. சவர்க்காரம் போட்ட தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டோம். இஞ்சி மணத்தது.

ஹொங்கொங்காரர் வந்து தொட்டியைப் பார்த்தார். நீளக் காம்பு அகப்பையை எடுத்து ஜப்பானியரின் வாயில் அடித்தார். பல் உடைந்து தரையில் விழுந்தது. ஜப்பானியர் குனிந்து கும்பிட்டார். கும்பிட்ட தலையிலும் அடி விழுந்தது. இரத்தம் ஒழுக ஒழுக அவர் மூடியைக் காட்டி "யூ, யூ" என்றார். மற்றவர் அதே எழுத்தைக் குத்திக் காட்டி "தோங்!" என்று குழறினார். பிறகு வெட்டுக்கத்தியை எடுத்தார்.

கொழும்பில், எண்பத்து மூன்றுக் கலவரத்தில், ஒரு வாளியைக் காட்டி இதற்குச் சிங்களத்தில் சொல்லு என்று கேட்டு, சொன்ன விதத்தை வைத்தே தமிழன் என்று கண்டுபிடித்து அடித்தவர்களை நான் கண்ணால் கண்டவன். ஒரு சொல்லுக்காக ஒருவன் வெட்டுப்படுவதை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. பாய்ந்து ஹொங்கொங்காரரின் மணிக்கட்டைப் பிடித்தேன். கத்தி நழுவி என் உள்ளங்கையைப் பிளந்தது. வந்த ஆத்திரத்தில் அவர் வயிற்றில் முழங்காலால் ஓர் இடி இடித்தேன், ஆள் சுருண்டு விழுந்தார்.

"உனக்கேனடா இந்த வேலை? பொலிஸ் வந்தால் முதல் பிடிபடுறது நாங்களடா," என்றார் மன்னார் அண்ணை. சொல்லிக்கொண்டே என் கையில் துணி சுற்றினார்.

ஜப்பானியர் வாயைப் பொத்திக்கொண்டு, தங்கள் நாட்டில் அந்த எழுத்தை 'யூ' என்று வாசிப்பார்கள், சுடுதண்ணீர் என்று பொருள் என்று எனக்கு அரைகுறை ஜெர்மனில் சொன்னார். அதே எழுத்து, ஹொங்கொங்கில் 'தோங்', சூப்; ஜப்பானில் 'யூ', சுடுதண்ணீர். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அறைக்கு வந்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் கறி பிழைச்சுப்போச்சு என்றேன். பிழைச்சிடுச்சா, நல்லது என்றார். கெட்டுப்போனதைத்தான் சொன்னேன் என்று விளங்கியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்குச் சிரிப்பாகப் போனது இவர்களுக்கு இரத்தமாகப் போனது.

அதற்குள் ஷெஃப் வந்துவிட்டார். தொட்டியை எட்டி உதைத்தார். மூடியை ஜப்பானியரின் முகத்துக்கு நேரே நீட்டினார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சுடுதண்ணீர் என்றால் பிழை எழுதியவருடையது, அவர் ரயில் ஏற வேண்டும். ஹொங்கொங்காரர் தரையில் கிடந்தபடி அவரையே பார்த்தார்.

"சூப்," என்றார் ஜப்பானியர். "சூப் எண்டுதான் இருக்கு. நான்தான் கவனிக்கேல்லை."

நான் வாயைத் திறந்தேன். ஜப்பானியர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஷெஃப் ஈரத் துணியைச் சுருட்டி அவர் கன்னத்தில் இரண்டு சாத்துச் சாத்தி, அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார். விருந்துக்குப் பைக்கற் சூப் போனது.

பெட்டி கட்டும்போது ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். வீங்கிய வாயால் அவர் சொன்னார்: "பொய்யில்லை. எழுதினவர் சூப் எண்டுதானே எழுதினவர். எனக்குப் போக வீடிருக்கு. அவரின்ரை பிள்ளை இங்கை வரவேணும்."

அடுத்த நாள் ஹொங்கொங்காரர் ஜப்பானியர் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மேசையில் மாவைக் கொட்டி, அந்த எழுத்தைத் தெரிந்த மட்டும் கோணலாகக் கீறி, உனக்கு இது சூப், அவனுக்கு இது சுடுதண்ணீர், தெரிந்துகொண்டுதான் உனக்காகச் சூப் என்றான் என்று கையைக் காட்டிக் காட்டி அரைகுறை ஜெர்மனில் கத்தினேன்.

அவர் மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளிரறையின் இரும்புக் கதவில் தலையை மோதத் தொடங்கினார். நெற்றி வெடித்தது, நிறுத்தவில்லை.

"பிடியடா அந்தாளை," என்று அண்ணை கத்தினார்.

எனக்குப் பிடிக்க மனம் வரவில்லை. இடிக்கட்டும் என்று நின்றேன்.