ஒரே வயிறு, இரண்டு ஸ்கேன்

1. கவர்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியனாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குப் பாடம் எடுத்தது மெஷினைப் பற்றி அல்ல. ஃபிலிமையும் சிடியையும் போட்டுக் கொடுக்கிற பெரிய பிளாஸ்டிக் கவரைப் பற்றி.

"இதுதாம்மா நம்ம விளம்பரம். பஸ்ஸுல கையில வச்சுக்கிட்டு நின்னா போறவன் வர்றவன்லாம் பேரைப் படிப்பான். மடிக்காம குடுங்க" என்றார்.

அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்த நான் இதைக் கண்ணால் பார்த்தேன். சனங்கள் அந்தக் கவரை நிலப் பத்திரம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த ஆஸ்பத்திரி டாக்டர் இதை எடுத்துப் பார்ப்பார் என்று ஒரு நம்பிக்கை. ரிட்டயர் ஆகும் வரை அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

2. தங்கராசு

பூலாம்பாடிக்காரர் தங்கராசு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயி. சர்க்கரை உண்டு. தாங்க முடியாத வயிற்று வலி என்று மனைவி செல்வி கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் டாக்டர் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதாவது நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது. படம் பளிச்சென்று வரும். ஆனால் அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். தங்கராசுவுக்கு ரத்தப் பரிசோதனையில் கிட்னி கொஞ்சம் சோர்ந்திருப்பதாகத்தான் வந்திருந்தது. டாக்டர் யோசித்து, மருந்தின் அளவைக் குறைத்து, எடுக்கச் சொன்னார். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. உடனே திருச்சிக்குப் போகச் சொன்னார்.

கவரைக் கொடுக்கும்போது செல்வியிடம் சொன்னேன். "அங்க போனதும் மொதல்ல இதைக் குடு. மருந்து ஏத்தி எடுத்தாச்சுன்னு சொல்லு. உடனே மறுபடி ஏத்துனா அவரு கிட்னி தாங்காது. மறந்துடாத."

"மறக்க மாட்டேன்க்கா" என்று, நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

மறுநாள் காலை திருச்சியிலிருந்து போன் செய்தாள். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அக்கா, திரும்ப ஸ்கேன் எடுக்கணுங்கறாங்க. கவரைப் பிரிச்சே பாக்கல. வெளி ஸ்கேன் எங்க டாக்டர் பாக்க மாட்டாருங்கறாங்க. நீங்க சொன்னதெல்லாம் சொல்லிட்டேன்க்கா."

போனை அங்கிருப்பவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஒரு பையன் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், அட்மிஷன் போட்டா எங்க மெஷின்லதான் எடுக்கணும். ரூல் அப்படி. நான் என்ன பண்றது?"

"அந்த சிடியை ஒரு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க தம்பி. கல்லு இருக்கற எடம் தெரியும்."

"அதை நான் போட முடியாதுங்க மேடம்" என்று வைத்துவிட்டான்.

எங்கள் முதலாளியிடம் ஓடினேன். டாக்டரை விட்டுப் பேசச் சொல்லுங்கள் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அவங்களைப் பகைச்சுக்கிட்டு நாம என்னம்மா பண்ணப் போறோம்? நாம மட்டும் அடுத்தவன் எடுத்த படத்தையா பாக்குறோம்?" அது உண்மைதான். அரியலூரில் எடுத்த ஸ்கேனோடு வருகிறவர்களை எங்கள் சென்டரும் திரும்பப் படுக்க வைக்கும்.

திருச்சியில் மறுபடி மருந்து ஏற்றி எடுத்தார்கள். அதே கல், அதே இடம். கல்லை எடுத்துவிட்டார்கள். கிட்னி போய்விட்டது. இரண்டாவது ஸ்கேனால்தான் போனது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். ஏற்கெனவே சர்க்கரை இருந்ததே என்பார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

3. கருத்துக் கேட்பு

ரிட்டயர் ஆன பிறகு, மருத்துவச் செலவைக் குறைக்க மக்கள் யோசனை சொல்லலாம் என்று அரியலூரில் அரசாங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். போனேன். எனக்கு முன்னால் பேசியவர், கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கே வேலை இல்லை என்றார். நல்ல கைத்தட்டல்.

நான் சொன்னேன்: "ஒரு எடத்துல எடுத்த ஸ்கேனை அடுத்த எடத்துல பாத்தே ஆகணும்னு சட்டம் போடுங்க. எல்லாப் படமும் ஒரே எடத்துல சேரட்டும். எந்த டாக்டரும் தொறந்து பாக்கட்டும். சனங்க கவரைத் தூக்கிட்டு அலைய வேணாம்."

தலைமை தாங்கிய பெரிய டாக்டர் கேட்டார். "படம் சரியில்லன்னா திரும்ப எடுத்துத்தானம்மா ஆகணும்?"

"எடுங்க சார். பாத்துட்டு எடுங்க. எதுக்காகத் திரும்ப எடுக்கறோம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காரணம் இல்லாம எடுத்தா அந்தக் காசை ஆஸ்பத்திரியே கட்டட்டும். அந்த ஒரு வரிக்குப் பயந்தே பாதி ஸ்கேன் நின்னுடும்."

"நல்ல யோசனை" என்றார். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டார்கள். வடையும் டீயும் கொடுத்தார்கள். அந்த யோசனை என்ன ஆனது என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

4. கொல்லை

போன மாதம் பூலாம்பாடி போயிருந்தேன். தங்கராசு இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்கு அலைகிறார். டயாலிசிஸ் இலவசம். போய்ப் படுத்துவிட்டு வருகிற உடம்பால் அன்றைக்கு ஒரு வேலையும் செய்ய முடியாது. செல்விதான் விவசாயத்தைப் பார்க்கிறாள்.

கொல்லைக் காட்டில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது. வரப்போரம் குச்சி நட்டு, நூலில் எதையோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் பளபளவென்று சுற்றியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் சென்டர் பெயர் அச்சடித்த சிடி. என் கையால் போட்டுக் கொடுத்தது.

"கிளித் தொல்லைக்கா" என்றார் தங்கராசு. "உங்களது இந்தக் கோடியில. திருச்சியில குடுத்தது அந்தக் கோடியில. கிளி ரெண்டையும் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது."

செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல நான் கற்ற பாடம் இதுதான். படத்தை நன்றாக எடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அதை இன்னொரு ஆள் திறந்து பார்க்கும் வரை அது வெறும் பிளாஸ்டிக். இத்தனை வருஷ சர்வீசில் தங்கராசுவுக்காக நான் எடுத்த படத்தைத் திருச்சியில் ஒருவரையும் என்னால் பார்க்க வைக்க முடியவில்லை.

கிளி மட்டும் பார்த்தது.