செவ்வாயும் வெள்ளியும் பாதி வழியில்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பால்காரர் ஊற்றிய பாலை அவர் முன்னாலேயே விரலில் தொட்டுப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் உடைந்திருக்கிறதா என்று மூன்று முறை திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. என் வீட்டுக்காரர் சிரிப்பார். "உன்னை மைன்ஸ்ல வேலைக்கு வெச்சிருந்தா ஒரு ஷிப்டும் கீழ இறங்கியிருக்காது. ஆளை எறக்குற கேஜ் கயிறை நூல் நூலா எண்ணிக்கினு நின்னிருப்பே" என்பார். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் கண் திறந்து இருக்க வேண்டாமா?

அவருக்குச் சர்க்கரை. இருபது வருஷம் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த மனுஷன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாயும் வெள்ளியும் கோலார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆனது. காலை ஒன்பதரைக்கு அவருக்கு மெஷின். நான்கு மணி நேரம் கழித்து அடுத்த ஆள் வந்துவிடுவார். நாம் தாமதமாகப் போனால் அந்தத் தாமதம் நம் நேரத்திலிருந்துதான் குறையும். நான்கு மணி நேரம் மூன்றானால் மறுநாள் முகம் உப்பிவிடும், படுத்தால் மூச்சு முட்டும். பஸ்ஸில் போய்ப் பார்த்தோம், திரும்பும்போது இரண்டு முறை மயங்கினார். அதனால்தான் வேன் வாங்கினோம். நாற்பத்தெட்டு வயதில் நான் ஸ்டியரிங் பிடித்ததும் அதனால்தான்.

வேன் பூதிகோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தது. விற்றவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நல்ல மாதிரியாகப் பேசுகிறவர்களை நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். ஆனாலும் முதல் மூன்று வாரம் வேன் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்காவது வாரம், பங்காருபேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இரண்டு முறை விக்கிவிட்டு இன்ஜின் அணைந்துபோனது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. எனக்கு முதலில் தோன்றியது திருட்டு. வேன் வாசலில்தான் நிற்கிறது, எவனோ பெட்ரோலை உறிஞ்சியிருக்கிறான். இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். கம்பி முக்கால்வாசி நனைந்து வந்தது. மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி வேன் கிளம்பியது. அன்றைக்குப் பத்து நிமிஷம்தான் தாமதம். திரும்பி வரும்போது, ஏறக்குறைய அதே தூரத்தில், மறுபடியும் நின்றது. மறுபடியும் இறங்கினேன், திறந்தேன், கம்பி விட்டேன், மூடினேன், கிளம்பியது.

பூதிகோட்டைக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். அவர் தெலுங்கும் தமிழும் கலந்து, "நா தக்காளி ஏத்துனப்போ ஒரு நாளும் நிக்கலம்மா" என்றார். வேறு எப்படிச் சொல்வார்?

அடுத்து பெட்ரோல் பங்க். டேங்க் நிறைய அடித்துக்கொண்டு போனால் வேன் பங்காருபேட்டை வருவதற்குள்ளேயே நின்றுவிடும். பாதி டேங்க் இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். இதை நானாகக் கவனித்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. புதுப் பெட்ரோல் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது என்றால், கோளாறு பெட்ரோலில்தானே? இதைவிடத் தெளிவாக யாரால் நிரூபிக்க முடியும்?

அந்த பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் அடிப்பவர் மைசூர் மைன்ஸ் என்கிற எங்கள் சுரங்கப் பகுதியில், எங்கள் லைனிலேயே, மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். லைன் என்றால் தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவர்கள் பௌர்ணமிக்கு வெள்ளை உடுத்தி புத்த விகாரைக்குப் போகிற குடும்பம். கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும், பௌர்ணமிப் பாயசம் இங்கே வரும். என்னை அக்கா என்பார். அந்த மனுஷன் முன்னால் நான் ஒரு கண்ணாடிப் பாட்டிலை நீட்டினேன்.

"இதுல கொஞ்சம் புடிங்க தம்பி."

"இன்னாத்துக்குக்கா?"

"புடிங்க சொல்றேன்."

பிடித்தார். வரிசையில் பைக்கோடு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, நான் பாட்டிலை மூக்கில் வைத்து முகர்ந்தேன். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டேன். கலப்படம் இல்லாத பெட்ரோல் கறை வைக்காமல் காய்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் தாள் பளிச்சென்று காய்ந்தது. எனக்குத் தாளின் மேல்தான் சந்தேகம் வந்தது. இன்னொரு தாள் எடுத்தேன். பின்னால் ஒருத்தன், "ஆன்ட்டி, குடிச்சுப் பாத்துடுங்க, தெரிஞ்சுடும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பங்க்காரர் சிரிக்கவில்லை. குழாயை அதன் இடத்தில் மாட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பௌர்ணமிக்குப் பாயசம் வரவில்லை. மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இத்தனை ரோஷம் வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு மெக்கானிக்குகள். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அந்த நான்கு மணி நேரமும் கோலாரில் ஷெட் ஷெட்டாக அலைந்தேன். ஒவ்வொருத்தரும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைப்பார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார்கள், ஃபில்டரை மாற்றுவார்கள், பெட்ரோல் பம்பைத் தட்டிப் பார்ப்பார்கள். ஊருக்குள் இரண்டு சுற்று ஓட்டுவார்கள். வேன் குதிரை மாதிரி ஓடும். "ஏனூ பிராப்ளம் இல்லம்மா" என்று கன்னடம் கலந்து சொல்லிக் கையைத் துடைப்பார்கள். மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் ஓடுகிறது, நானும் என் புருஷனும் மட்டும் போனால் நிற்கிறது. இவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு இடத்தில் நின்று, நாங்கள் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் தாமதம். டயாலிசிஸ் அறை வாசலிலேயே டெக்னீஷியன் கடிகாரத்தைக் காட்டினார். மறுநாள் என் வீட்டுக்காரர் கண்ணிமை இரண்டும் வீங்கி, கட்டிலில் சாய முடியாமல் சுவரோடு உட்கார்ந்திருந்தார். அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் நான் எண்ணினேன். இன்னும் இரண்டு முறை இப்படி ஆனால் இந்த மனுஷன் எனக்கு இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பயத்தில்தான் என் சந்தேகம் அவர் மேலேயே போனது.

வேன் நின்ற இடங்களையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் கம்பியோடு அல்லாடும்போது அவர் ஒரு நாளாவது பதறினாரா? இல்லை. இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் கல்லில் உட்கார்ந்துகொள்வார். போகிற வருகிற லாரியைப் பார்ப்பார். முகம் தெளிந்திருக்கும். "திரும்பிடலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். காலையில் நான் வீட்டைப் பூட்டுவதற்குள் அவர்தான் முதலில் போய் வேனில் உட்காருகிறார். அந்த ஐந்து நிமிஷம் அங்கே என்ன செய்கிறார்?

அடுத்த செவ்வாய் அவரை என் கூடவே நிற்கவைத்து வீட்டைப் பூட்டினேன். வேனில் ஏறியதும் அவர் கையைப் பிடித்து முகர்ந்தேன்.

"இன்னாம்மா இது?"

"ஒன்னுமில்ல."

"பெட்ரோல் வாசனை வருதா பாத்தியா?"

கையில் பவுடர் வாசனைதான் வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் வண்டியைத் தொடல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நம்பவில்லை.

அன்றைக்கும் பங்காருபேட்டை தாண்டி நின்றது. நான் இறங்கி மூடியில் கை வைக்கும்போது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. பார்த்தால் நம் பங்க்காரர். கோலாரில் ஏதோ கோர்ட் வேலையாம். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் போயிருப்பேன்.

நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அது ஒவ்வொரு முறையும் வருகிற சத்தம்தான், நான் பொருட்படுத்தியதில்லை. பங்க்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இன்னாக்கா சத்தம் அது? காத்து உள்ள இழுக்குதே. மூடியைக் குடுங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. "இந்த ஓட்டையை யாருக்கா அடைச்சது?"

நான்தான். எங்கள் ஊரில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், சயனைடு மேடு என்று மலை மாதிரி நிற்கிறது. காற்றுக் காலம் வந்தால் அந்தத் தூள் சோற்றில், கண்ணில், பீரோவுக்குள் மடித்து வைத்த புடவையில்கூட இருக்கும். ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் அடைத்துவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். ஜன்னல் இடுக்கில் துணி, ஓட்டுச் சந்தில் சிமெண்ட், சாவித் துவாரத்தில் பஞ்சு. வேன் வந்த மூன்றாவது வாரம் காற்று ஆரம்பித்தது. டேங்க் மூடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு துவாரத்தைப் பார்த்தேன். தூள் போய்ப் பெட்ரோலில் விழுமே என்று, துணி சோப்பைக் குழைத்து அழுத்தமாக அடைத்தேன். சோப்பு பெட்ரோலில் கரையாது என்று நினைத்து என் புத்தியை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

சொன்னதும் பங்க்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணும்கா. அது வர்ற வழியை அடைச்சுட்டா, கொஞ்ச தூரத்துல டேங்க் பெட்ரோலை இறுக்கிப் புடிச்சுக்கும், வுடாது. ஃபுல் டேங்க்னா உள்ள காத்துக்கு எடமே கம்மி, இன்னும் சீக்கிரம் நிக்கும்" என்றார். நான் ஒவ்வொரு முறையும் திருடனைத் தேடி மூடியைத் திறந்ததால்தான் வேன் கிளம்பியிருக்கிறது. மெக்கானிக்குகள் முகர்ந்து பார்த்ததால்தான் அவர்களிடம் ஓடியிருக்கிறது. என் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்து ஊதினார்.

"எங்க வூட்லயும் வெண்டிலேட்டரை அடைச்சுத்தான் வெச்சிருக்குது" என்றார், என் முகம் போன போக்கைப் பார்த்து. "ஆனா அடுத்த வாட்டி பாட்டில் எடுத்துக்கினு வராதீங்கக்கா. முதலாளி என்னைக் கூப்டு விசாரிச்சாரு."

மன்னிப்பு என்கிற வார்த்தை வாய்வரை வந்தது. "வீட்டுக்கு வாங்க தம்பி, டீ குடிக்கலாம்" என்றுதான் வெளியே வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டேங்க் நிறைய அடித்துக்கொண்டு கிளம்பினோம். பங்காருபேட்டை தாண்டியது. புளியமரமும் தாண்டியது. நான் பாட்டுப் பாடாத குறை. என் வீட்டுக்காரர் மட்டும் கடந்துபோன புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார். கோலார் நெருங்கும்போது, "ஒன்னு சொன்னா திட்டக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"போறப்பல்லாம் வழி நெடுக ஜெபம் பண்ணிக்கினு வருவேன். வண்டி நிக்கணும்னு."

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். ஒரே வேனில் உட்கார்ந்துகொண்டு நான் ஓடணும் என்றும் இவர் நிற்கணும் என்றும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டவர்தான் என்ன செய்வார்? அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிட்டு வழக்கம்போல வேனைத் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் போவதற்கு ஷெட் எதுவும் இல்லை என்று உறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போனேன். நர்ஸம்மா கன்னடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

இத்தனை மாதத்தில் அந்த அறையை அன்றுதான் பார்த்தேன்; பஸ்ஸில் வந்த நாட்களில்கூட வெளியே பெஞ்சோடு சரி. அவர் கையில் தடிமனாக இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. ரத்தம் குழாயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொரு கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். போர்வைக்குக் கீழே கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தன.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் பதறிப்போனார். "இன்னா, வண்டி மறுபடியும் ரிப்பேரா?"

"இல்ல. நல்லா இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு உள்ள வந்தே?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.