அக்காவின் மூக்கில் விட்ட மருந்து

அத்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று, அங்கிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். அங்கேயே புதைத்துவிட்டார்களாம். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு அக்கா கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏட்டி, அவிய வந்திருக்காவ. சுருட்டு மணக்குது பாரு.”

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். அத்தான் பிடிக்கும் சுருட்டின் மணம் இல்லை, கஞ்சித்தண்ணி மணம்தான். அவளோ வாசலைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பல் கிட்டி, கை கால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தாள்.

பிறகு அது வழக்கமாயிற்று. முதலில் மணம் வரும், பின்னால் வலிப்பு. சபை உபதேசியார் வந்து ஜெபித்தார். சிலர் பேய் என்றார்கள். அக்கா எதையும் மறுக்கவில்லை. மணம் வந்ததும் ஓடிப்போய் இலை போட்டுச் சோறு வைப்பாள். ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அடுப்போரம் விழுந்தாள். பிள்ளையின் கையில் தீ பட்டது. அம்மா மார்த்தாண்டம் பக்கத்துக்கு ஆளனுப்பி வைத்தியரை வரவழைத்தாள்.

“இது பேயில்ல, நோயாக்கும்; தலைக்குள்ள உள்ள தீனம். மூக்கு வழியாத்தான் மருந்து போகணும்” என்றார் அவர்.

அக்காவைப் பாயில் படுக்க வைத்து, தலையைப் பின்னால் தாழ்த்தி, நெற்றியில் எண்ணெய் தடவி, சுடுதுணியால் ஒற்றினார். ஒரு நாசியை விரலால் அடைத்துக்கொண்டு, இளஞ்சூடான தைலத்தில் நனைத்த துணித்திரியை மற்றதில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தார்.

“இழுத்துக்கோ மோளே. தொண்டைக்கு வந்தா துப்பிரு, விழுங்காத.”

தினமும் காலையில் இது நடந்தது. மத்தியானங்களில் மணம் வரவில்லை. அக்கா அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒருநாள் காலை, திரியை எடுத்த வைத்தியரின் முன்னால் போய் நின்றாள்.

“வைத்தியரே, அவியள எங்க கொண்டு போயிட்டீரு?”

அவர் திரியைக் கீழே வைத்தார்.

“நான் தீனத்தத்தான் எடுத்தேன், மோளே. வேண்டாம்னா நிறுத்திரலாம். ஆனா வலிப்பு திரும்பி வரும்.”

அக்கா, தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கையில் இருந்த தீப்புண் கட்டைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய், மணம் ஏதும் வராமலே இலை போட்டுச் சோறு வைத்தாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

“தின்னுட்டுப் போங்க. இனி வரண்டாம். பிள்ளைக்கு ஆவாது.”

பிறகு தானாகவே வந்து படுத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வலிப்பு நின்றது. அதோடு எல்லா மணமும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. மருந்தாலா, நோயாலா, யாருக்கும் தெரியவில்லை. பால் பொங்கிக் கருகினாலும் தெரியாது. பிள்ளையின் உச்சந்தலையை மோந்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்பாள்: “எப்பிடி மணக்குது, சொல்லேன்.” எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பாலும் தேங்காயெண்ணெயும் என்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

நான் கல்யாணமாகிப் போய், பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்திருந்தேன்.

“ஏட்டி, உள்ள வாறப்ப ஏதாவது மணத்துதா?”

“மீன்குழம்புதான்க்கா.”

“அவ்வளவுதானா?” என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு எழும்வரை அவள் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.