மணல் மூட்டைகளுக்கு உள்ளே நின்ற கார்

"எலெக்ட்ரிக் கார்ல பாண்டிச்சேரி போய்ட்டு வரலாமா சார்?" என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். தாராளமாகப் போகலாம். விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். சார்ஜ் பாதிகூடக் குறையாது. எங்கே நிறுத்துவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பெருமழை ஓய்ந்த வாரம் நானும் மனைவியும் போய்வந்ததைச் சொன்னால் புரியும்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, பத்தேகாலுக்குப் பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையம் சேர்ந்தோம். துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் பஷீர் பாயின் அடுக்குமாடியில் தங்கல். காரைத் தெருவிலேயே விட வேண்டியிருந்தது. கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவை மறித்து இடுப்பு உயரத்துக்கு மணல் மூட்டைகள். மழைக்காலம் வந்தால் எல்லா வீட்டாரும் சேர்ந்து அடுக்குவது அங்கே வழக்கமாம். இந்தத் தடவை தண்ணீர் சாக்கடைக் குழாய் வழியாக ஏறிவிட்டது. மோட்டார் வைத்து இறைத்திருக்கிறார்கள். மூட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன.

உள்ளே, வெள்ளத்தில் நனைந்து நின்றிருந்த பாயின் மின்சார கார் சார்ஜில் இருந்தது. அதை ஒட்டி, மாடி வீட்டு செல்வியின் லோடு ஆட்டோ. அதில்தான் அவர் மூலக்குளத்தில் இட்லிக் கடை போடுகிறார்.

சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். "லைட் எரியுது, ஏசி ஓடுது. ஒண்ணும் ஆவல சார்," என்றார் பாய். நனைந்த போனை அரிசியில் போட்டு எடுத்தபின் ஓடுகிறது என்பதாலேயே உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தமா என்று கேட்டேன். பேட்டரிக்குள் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் தீப்பெட்டிக்குள் ஒரு குச்சி பற்றியது போலத்தான். சார்ஜ் போடாவிட்டாலும் சில நாள் கழித்துப் பற்றலாம். திறந்த வெளியில், மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்தி, கம்பெனி ஆளை வரவழைக்க வேண்டும்.

பாய் உடனே கழற்றிவிட்டார். காரை வெளியே கொண்டுவர மூட்டைகளை எடுக்கத்தான் தயங்கினார். "திங்கக்கெழம மறுபடி மழைன்றாங்க. எடுத்துட்டா யாரு சார் திரும்ப அடுக்கறது?" செல்வியும் இரண்டு நாளாக எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். கடற்கரைக்குப் போய்விட்டோம்.

மாலை திரும்பியபோது தெருவெல்லாம் புகை. நல்லவேளை, ஆட்கள் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். தீயணைப்புப் படையினர் முதலில் மூட்டைகளை இழுத்துப் போட வேண்டியிருந்தது. பாயின் கார் அணைந்ததுபோல் இருந்து மறுபடி பற்றியது. இருட்டும்வரை தண்ணீர் அடித்தார்கள். பக்கத்தில் இருந்த ஆட்டோவில் கம்பிகள்தான் மிஞ்சின.

பாய் செல்வியிடம் போய், "ஆட்டோவுக்கு நான் பொறுப்பும்மா," என்றார்.

"அடுக்கறதுக்கு எல்லா வீடும் வந்திச்சி பாய். எடுக்கறதுக்கு நான் ஒருத்திதான் கேட்டுனு இருந்தேன்," என்றார் செல்வி. கொஞ்சம் கழித்து, "நாளைக்காவது வண்டிய எடுக்கலாம்னு மாவு அரைச்சி வச்சிட்டேன்," என்றார்.

 

ஆகவே, கேள்வி கேட்ட அம்மா, பாண்டிச்சேரிக்கு நன்றாகப் போய் வா. காரை எந்தக் கீழ்த்தளத்தில் நிறுத்தினாலும், பூட்டியதும் அங்கிருந்து தெருவரை ஒருமுறை நடந்து, வழியில் என்ன மறிக்கிறது என்று பார்.