வரைபடத்தில் இருந்த கிணறு

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், சட்டமிட்ட பழைய நிலவரைபடம் ஒன்று தொங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அளந்து வரைந்ததன் நகல். சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கத்துக் காட்டுப் பகுதி. பழுப்பு நிற உயரக் கோடுகளுக்கு நடுவே ஒரு சிறு நீல வட்டம்; அதைச் சுற்றிச் சிவப்பு மையில் இன்னொரு வட்டம். என் அக்காவின் கணவர் என் மகளுக்குத் தந்த பிறந்தநாள் பரிசு அது. கழற்றிவிடலாம் என்றால் மகள் விடுவதில்லை. அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போகவேண்டும். இன்றும் அதைப் பார்க்காமல்தான் கடக்கிறேன்.

அத்தான் ஓய்வுபெற்ற பொறியாளர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அடுக்குமாடி வீட்டில். ஒரு நாள்கூடக் கம்போங் கிராமத்தில் வாழாதவர், கம்போங்கைப் பறிகொடுத்தவரைப் போலப் பெருமூச்சு விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா உணவங்காடியில் எங்கள் மேசையை அவருடைய வரைபடங்கள் பிடித்துக்கொள்ளும். தோசைத் தட்டு ஓரத்துக்குப் போகும். என் தேநீர் என் மடிக்கு வந்துவிடும். "பாரும்மா, இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் நம்ம ஆளுங்க இருந்த தோட்டத்து லயன் வீடு. இது ரப்பர். இது ஒத்தையடிப் பாதை" என்று விரலை ஓட்டுவார். அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் மேப்ல இருக்காது லா" என்றார், ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டவளைப் பார்ப்பதுபோல. மனிதர்களைக் கழித்துவிட்ட கடந்தகாலம்தான் அவருக்கு வசதி. புள்ளிகள் எதிர்த்துப் பேசாது.

அந்த வரைபடத்தோடு அவர் காட்டுக்குக் கிளம்பியபோது மகளுக்குப் பதினைந்து வயது. "பெரியப்பா கூடப் போறேன்மா. அட்லீஸ்ட் அவரு எக்ஸாம் பத்திக் கேக்க மாட்டாரு" என்றாள். கொசு மருந்து, பிளாஸ்டர், குடை எல்லாவற்றையும் முதுகுப்பையில் திணித்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

அத்தான் நடக்கும் விதமே தனி. வரைபடத்தை இரு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பின்னால் வருவார். முன்னால் போய் லாலாங் புல்லை விலக்கும் வேலை மற்றவர்களுக்கு. "நான் நேவிகேட்டர்" என்பார். தரையைப் பார்ப்பது அவர் தகுதிக்குக் குறைவு.

"இங்க ஒரு கிணறு இருக்கணும். இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல போ, கண்ணு."

மகள் இடப்பக்கம் கால் வைத்தாள். சருகு சரியும் சத்தம். பிறகு அவள் அங்கே இல்லை.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. அவர் கத்தியது நினைவிருக்கிறது. "இருக்கு! சொன்னேன்ல? கரெக்டா இருக்கு!"

பாதி தூர்ந்துபோன கிணறு. சேறும் அழுகிய இலையும் அவள் நெஞ்சுவரை ஏறியிருந்தன. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் என்னைக் கூப்பிடக்கூட இல்லை. வாயைத் திறந்தால் இன்னும் அமிழ்ந்துவிடுவோமோ என்பதுபோல அண்ணாந்து என்னையே பார்த்தாள். நான் குப்புறப் படுத்து, பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதன் வாரை நீட்டினேன். பின்னால் அவருடைய கைப்பேசி படம் பிடிக்கும் சத்தம் கேட்டது. நான் திட்டிய பிறகுதான் வந்து கை கொடுத்தார். அதுவும் ஒரு கை. மறு கையில் வரைபடம், நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்தபடி. அது பிளாஸ்டிக் உறையிட்ட வரைபடம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் கல்யாண வீடுகளில் அந்தக் கதையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "நாங்க கண்டுபிடிச்ச கிணறு" என்று தொடங்கும். என் மகள் விழுந்தது அதில் பாதி வாக்கியம். "அவரு பயந்துட்டாருடி, அதான் அப்படி" என்றாள் அக்கா. பயந்தவர் படம் எடுப்பாரா என்று கேட்டேன். அவள் பேச்சை மாற்றினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் புதிதாக ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சுவரில் தொங்கும் வரைபடத்துக்குக் கீழேயே அதை விரித்தார். மகள் முழங்கையில் அந்தக் கிணற்றின் தழும்போடு அதன்மேல் குனிந்தாள். "அம்மா, பக்கத்துலதான். போலாமா?"

நானும் குனிந்தேன். குன்றோ பாதையோ வீடோ என் கண்ணில் படவில்லை. நீல வட்டங்களை மட்டும் தேடினேன். ஓடையோரம் ஒன்று. மேலே இன்னொன்று.

"இதெல்லாம் கிணறுதானே, அத்தான்?"

"எப்பவோ மூடியிருப்பாங்கம்மா. நீ ஏன் இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கே?"

"மூடியிருந்தா நல்லது. அப்ப இந்தத் தடவ நீங்க முன்னால நடங்க."

அவர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தார். நிமிர்ந்து, சுவரில் தாமே போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, விரித்ததைச் சுருட்டத் தொடங்கினார்.